ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி

டுவைட் நியெமிக்கும் அவர் தம்பி கிர்பிக்கும் பேச்சு அறுந்ததற்குக் காரணம் ஒரு குடில். கனடாவின் தண்டர் பே நகரத்துக்கு வடக்கே, ஏரிக்கரையில், அப்பா தன் கையால் கட்டியது. அப்பாவுக்கு நினைவு தப்பி முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது, அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் மூத்தவரிடம் இருந்தது. டுவைட் குடிலை விற்றுவிட்டார். தம்பியைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான். ஆனால் ஒழுகுகிற கூரையை ஏறிப் பார்க்க அவன் வரப்போவதில்லை என்று அவருக்குள் ஒரு நியாயம். அந்தக் கோடையில் கிர்பி குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அங்கே போனான். படகுத்துறைக் கொடியில் யாரோ முன்பின் தெரியாதவர்களின் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. விஷயம் அப்படித்தான் அவனுக்குத் தெரியவந்தது. அப்பா இறந்தபோது இருவரும் தேவாலயத்தில் வேறு வேறு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

டுவைட் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். மேற்கிலிருந்து வரும் ரயில் பெட்டிகளிலிருந்து கோதுமையை இறக்குகிற வேலை. சுபாவத்தில் பேச்சு குறைவு. "சுவரோட குடும்பம் நடத்தினாக்கூட அது எதிரொலியாவது கொடுக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி பிரிந்து போனாள். மகன் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வயல் வேலைக்குக் கிளம்பியபோது தன் பழைய கேம் மெஷினை டிவிக்கு அடியிலேயே விட்டுப் போனான். ஒரு குளிர்காலம் முழுக்க முழங்கால் அறுவைக்குப் பிறகு நாற்காலியில் கிடந்தபோதுதான் டுவைட் முதல்முறை அதைக் கையில் எடுத்தார்.

அதன் இணையக் கடையில் 'ஜனவரி ஐஸ்' என்று ஒரு ஐஸ் ஹாக்கி விளையாட்டு இருந்தது. யாரோ நாலைந்து பேர் சேர்ந்து செய்தது. பெரிய அரங்கம், கூட்டம், வர்ணனை எதுவும் கிடையாது. உறைந்த ஏரி, இரண்டு வலை, பக்கத்துக்கு நாலு ஆட்கள், அவ்வளவுதான். குறுந்தட்டாக அது எந்தக் கடையிலும் விற்கப்பட்டதில்லை. பொத்தானை அழுத்தி வாங்கினால் நேராக மெஷினுக்குள் வந்து இறங்கும். டுவைட் வாங்கினார். ஒஹையோவிலும் சஸ்காட்சுவானிலும் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஆட்களிடம் தோற்கப் பழகினார்.

ஒரு ஞாயிறு மதியம் எதிரணியில் ஒரு பெயர் வந்தது: முஸ்தி.

அது சின்ன வயதில் அவர்கள் வீட்டில் இருந்த நாயின் பெயர். அவர்களைப் போல ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பங்களில் கறுப்பு நாய்க்கெல்லாம் அந்தப் பெயர்தான், யாராகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆள், பந்துக்குப் பதில் ஆடும் அந்த ரப்பர் வட்டை எடுத்துக்கொண்டு இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து வந்தான். சின்ன வயதிலிருந்து இடப்பக்கம் தவிர வேறு பக்கம் திரும்பத் தெரியாதவன் ஒருவன்தான் அவருக்குத் தெரிந்து உண்டு. டுவைட் தன் பெயரையே 'டி.நியெமி' என்று கொடுத்திருந்ததால், ஆடுவது யாரென்று அந்தப் பக்கத்துக்கும் தெரிந்திருக்கும். ஆட்டம் முடிந்தது. திரையில் 'மறுபடியும் ஆடலாமா?' என்று வந்தது. அழைத்தது முஸ்திதான்.

பல வாரம் ஒரு வார்த்தை இல்லாமல் ஆடினார்கள். பிறகு ஒருநாள் டுவைட் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"வலைய விட்டு வெளிய வராத, கிழவா" என்றது தம்பியின் குரல். "உன்னை மாதிரி மரத்தூணுக்கு அதான் சரிப்படும்."

"முதல்ல வலது பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு கத்துக்கோ, பொடியா."

அதற்குப் பின் ஞாயிறு மதியம் என்றால் ஹாக்கி. கிர்பி ஜெரால்டனில் இருந்தான். குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவன். ஞாயிறு அவனுக்கு விடுமுறை. இருவரும் ஒரே அணியில் சேர்ந்து மற்றவர்களோடு மோதினார்கள். பேச்சு அந்த ஐஸை விட்டு வெளியே போகாது. "குடு, குடு, குடுடா!", "தூங்கிட்டியா?", "ஒஹையோக்காரன் அழப் போறான் பாரு." வேலையைப் பற்றி, குழந்தைகளைப் பற்றி, அப்பாவைப் பற்றி, ஒன்றும் கிடையாது. குடிலைப் பற்றிக் கிடையவே கிடையாது. டுவைட்டுக்கு அது போதுமாக இருந்தது. சனிக்கிழமையே மனசு கொஞ்சம் லேசாகிவிடும். ஞாயிறு காலையில் சவரம் செய்துகொள்வார், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஆறு வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் மெஷினைப் போட்டதும் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு நின்றது. இந்தப் பழைய மெஷினுக்கான இணையக் கடையை மூடுகிறார்களாம். புதிதாக இனி எதுவும் வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ளும் வசதி மட்டும் சில காலம் இருக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும்.

"பாத்தியா, கடைய மூடுறாங்களாம்" என்றான் கிர்பி.

"நமக்கென்ன? நாமதான் வாங்கியாச்சே."

"அதானே. வீட்டுக்குள்ள வந்து எடுத்துட்டா போயிடுவான்?"

அடுத்தடுத்த மாதங்களில் ஐஸ் காலியாகத் தொடங்கியது. புது ஆள் வர வழியில்லை. பழையவர்கள் மெஷினை மாற்றினார்கள், சலித்துப் போனார்கள், ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒஹையோக்காரனையும் காணோம். கடைசியில் ஞாயிறு மதியங்களில் அண்ணனும் தம்பியும் மட்டும் மிஞ்சினார்கள், எதிரணிக்குக் கம்ப்யூட்டர். மறுபடி இறக்கிக்கொள்ளும் வசதி எப்போது நின்றது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். கிர்பி உற்சாகத்தில் இருந்தான். திடீரென்று, "கிழவா, ஏரிக்கரை கேம்ப்ல அப்பா வாளி வாளியா தண்ணி மொண்டு ஊத்தி நமக்கு ஐஸ் போட்டுக் கொடுப்பாரே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

அத்தனை வருடத்தில் அந்தக் குடில் அவன் வாயில் வந்தது அதுவே முதல் தடவை. இருக்கு என்று சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தக் கூரை அப்பவே உளுத்துப் போச்சு. வித்தது ஒண்ணும் தப்பில்ல."

வட்டு எங்கோ ஓடியது. யாரும் அதன் பின்னால் போகவில்லை.

"நான் வித்ததப் பத்திக் கேக்கல" என்றான் கிர்பி. "தண்ணி ஊத்தினதப் பத்திக் கேட்டேன்."

ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் போனான். வழக்கமாகச் சொல்லும் "அடுத்த வாரம்" மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. முஸ்தி என்ற பெயர் மங்கிக் கிடந்தது. டுவைட் தனியாகக் கம்ப்யூட்டரோடு ஆடினார். சரி, ரோஷம், ஆறினால் வருவான் என்று விட்டுவிட்டார். அதற்கடுத்த வாரமும் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு முஸ்திக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. டுவைட் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்பி மெஷினுக்கு எதிரேதான் இருக்கிறான். இவர் ஐஸில் நின்றார், முன்னும் பின்னும் சறுக்கினார். அவன் உள்ளே வரவில்லை. வெகுநேரம் கழித்துப் பச்சை அணைந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் அதே கதை. பச்சை எரியும், அவன் வரமாட்டான்.

'வந்து உட்கார்ந்துகொண்டே வரமாட்டேன் என்று காட்டுகிறான்' என்று டுவைட் நினைத்தார். வராமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. ஒருமுறை போனை எடுத்து ஜெரால்டன் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டார். என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்பதா? எதற்கு? கூரை உளுத்துத்தானே இருந்தது.

ஜனவரியில் ஒரு காலை போன் அடித்தது. கிர்பியின் மனைவி கொலெட். அவள் குரலை அவர் கேட்டுப் பல காலம் ஆகியிருந்ததால் முதலில் யாரென்று தெரியவில்லை.

"கிர்பி போயிட்டாரு, டுவைட். லாரியில உக்காந்தபடியே. ஹார்ட்டு. என்ஜின் ஓடிட்டே இருந்துச்சாம், யார்டுல இருக்கறவங்க வண்டி சூடாகட்டும்னு நிக்கறாருன்னு நினைச்சிருக்காங்க."

ஜெரால்டனுக்கு மூன்று மணி நேரப் பாதை. அடக்கம் முடிந்து வீட்டில் காப்பியும் முட்டை சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். டுவைட் கோட்டைக் கழற்றாமல் ஓர் ஓரமாக நின்றார். கூட்டம் கரைந்த பிறகு கொலெட் வந்தாள்.

"கீழ வாங்க" என்றாள்.

நிலவறையில் ஒரு பழைய சோபா, ஒரு டிவி, அதற்குக் கீழே கேம் மெஷின். அவருடையதைப் போன்றதே, ஆனால் வேறு நிறம், மேலே ஒரு கீறல்.

"அக்டோபர் கடைசில ஈரப் பனி கொட்டுச்சே, அப்ப கரண்டு போயிப் போயி வந்துச்சு. பழைய மெஷின் கருகிப் போச்சு. இதை லாங்லாக்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினாரு. தன் பேரைப் போட்டு உள்ள போனா, வாங்கினதெல்லாம் வரிசையா காட்டுது. உங்க ஹாக்கியும் இருக்கு. ஆனா இறங்க மாட்டேங்குது."

டுவைட் குனிந்து அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார்.

"கம்பெனிக்குப் போன் போட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு. 'சார், நீங்க வாங்கினது விளையாடற உரிமையத்தான், விளையாட்டை இல்ல. அந்தச் சேவைய நிறுத்திட்டோம்'னுச்சு. இவரு சொன்னாரு, 'நான் உரிமையெல்லாம் வாங்கலம்மா, ஹாக்கி வாங்கினேன். எங்கண்ணன் அங்க தனியா நிக்கறான், அவனோட ஆடணும்'னாரு. அந்தப் பொண்ணு, 'புதுசா வேற ஹாக்கி இருக்கு சார்'னுச்சு."

"எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே" என்றார் டுவைட். "அந்த மெஷின்லயே எழுதலாமே."

"நானும் அதான் சொன்னேன். 'என்னன்னு எழுதறது? கேம் போச்சுன்னு எழுதினா, அன்னைக்குச் சொன்னதுக்குக் கோச்சுக்கிட்டு சாக்கு சொல்றான்னு நினைப்பான். பச்சைப் புள்ளி தெரியுதுல்ல, அவனே கேப்பான்'னாரு. ஞாயித்துக்கிழமை ஆனா வந்து உக்காருவாரு. உங்க பேருக்குக் கீழ 'ஜனவரி ஐஸ் ஆடுகிறார்'னு வரும். அதைப் பாத்துட்டே இருப்பாரு. 'ஆடறான் பாரு, தனியாவே ஆடறான், நான் இல்லாதது ஒரு பொருட்டே இல்ல'ன்னு சொல்லிட்டு எழுந்து போவாரு."

"என்கிட்ட இருந்துச்சே" என்றார் டுவைட். "என் மெஷினைத் தூக்கிட்டு வந்திருப்பேனே. பக்கத்துல உக்காந்தே ஆடியிருக்கலாம். மூணு மணி நேரம்தானே."

"ஆமா" என்றாள் கொலெட். "மூணு மணி நேரம்தான்."

அவள் மேலே போய்விட்டாள். டுவைட் மெஷினைப் போட்டார். பட்டியல் வந்தது. 'ஜனவரி ஐஸ்', பக்கத்தில் 'வாங்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. இறக்கும் பொத்தானை அழுத்தினார். இந்தப் பொருள் இப்போது கிடைப்பதில்லை என்று வந்தது. தம்பி ஏதோ சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டதைப் போல, மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதுவே வந்தது. மேலே யாரோ தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.

தண்டர் பேக்குத் திரும்பிய பிறகு டுவைட் தன் மெஷினைப் போடவே இல்லை. அதைக் கழற்றி வைக்கவும் கை வரவில்லை. கழற்றும்போது ஏதாவது ஆகிவிட்டால் திரும்ப வராது என்று இப்போது அவருக்குத் தெரியும். மின்கம்பியைக்கூடப் பிடுங்காமல், தூசியை மட்டும் அவ்வப்போது துடைத்தார். மகன் ஆல்பர்ட்டாவிலிருந்து, "அந்தப் பழைய குப்பைய இன்னும் தூக்கிப் போடலியாப்பா?" என்று கேட்டபோது, "வேற பேசு" என்றார்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு மதியம் அவர் கொலெட்டுக்குப் போன் செய்தார். மணி அடிக்கவிட்டார்.

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவா?" என்றாள் கொலெட். "அவர் இருந்தப்ப இந்தச் சும்மா எங்க போச்சு, டுவைட்?"

அவள் வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. ஏப்ரலில், சாலையோரப் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்த ஒரு மதியம், எடுத்தாள். எடுத்தவள் நலம் விசாரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சமையலறைக்கு அடியில் ஒரு குழாய் வெடித்துத் தண்ணீர் நிலவறைக்குள் வழிகிறது, குழாய்க்காரன் புதன்கிழமைதான் வருவேன் என்கிறான் என்றாள்.

"மெயின் வால்வை மூடினீங்களா?"

"அது எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்."

"போனை வைக்காதீங்க" என்றார் டுவைட். "டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கீழ போங்க. தெருக் குழாய் வீட்டுக்குள்ள வர்ற இடத்துலதான் இருக்கும், நான் சொல்றேன்."

அவள் படியிறங்குவது கேட்டது. தண்ணீரில் கால் வைக்கும் சத்தமும் கேட்டது.