டாஷ்போர்டில் ஒரு கத்தரிக்கோல்

அல்லிநகரத்தில் வாடகைக் கார் ஓட்டும் சுருளிராஜனைத் திட்டாதவர்கள் குறைவு. வெளிநாடு போகிறவர்கள் காரில் ஏறுமுன், அடுத்தவர் கொடுத்துவிட்ட பொட்டலங்களை எல்லாம் டாஷ்போர்டில் கிடக்கும் கத்தரிக்கோலால் அவர் வெட்டிப் பார்ப்பார். எங்கள் பக்கம் யார் விமானம் ஏறினாலும் தெருவே ஏலக்காயும் கருவாடும் கொடுத்துவிடும். அதைப் பிரிப்பது கொடுத்தவரை அவமதிப்பது.

போன மாதம் துபாய்க்குக் கிளம்பிய என் நண்பன் ஜாஸ்பர் கொதித்துவிட்டான்.

"எங்க சித்தப்பா குடுத்ததுண்ணே. அவுகளச் சந்தேகப்படுறீகளா?"

"அவுககிட்ட யாரு குடுத்தாகளோ? உள்ள துளி கஞ்சா இருந்தாலும், தெரியாதுன்னு சொல்லி அங்கன தப்ப முடியாது. பை யாரு கையிலயோ அவுகதான் குத்தவாளி."

உள்ளே ஏலக்காய்தான் இருந்தது. டேப் ஒட்டிக் கொடுத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. வழியனுப்பப் போன எனக்கே எரிச்சல். திரும்பும்போது, எதற்கு இந்த வீம்பு என்று கேட்டுவிட்டேன். வண்டியை ஓட்டியபடியே சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் தங்கை அனுசுயாவின் கணவர் தங்கப்பாண்டியன் இதே காரில்தான் வளைகுடாவுக்குக் கிளம்பினார். பழகிய ஒருவர் தந்த பொட்டலத்தைப் பிரிக்கத் தங்கப்பாண்டியனே கத்தரிக்கோலை எடுத்தார். "விடுங்க மாப்ளே, தெரிஞ்சா தப்பா நினைப்பாக" என்று அதை வாங்கி வைத்தவர் சுருளிராஜன். ஏலக்காய்க்கு அடியில் கஞ்சா இருந்தது. தங்கப்பாண்டியன் இன்னும் அங்கே சிறையில்தான் இருக்கிறார்.

ஆண்டிபட்டி தாண்டியது. சுருளிராஜன் மேலும் சொன்னார்:

"மாசம் ஒரு தடவ மாப்ள வீட்டுக்குப் போன் பேசுறாக. நான் தடுத்தத மட்டும் என் தங்கச்சிகிட்ட அவுக இன்னவரைக்கும் சொல்லல."