பிஸ்டலுக்கு அடியில் ஒரு விளக்கு

போன வாரம் லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலுக்காகக் காத்து நின்றபோது ஒரு போலீஸ்காரரின் இடுப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் பெரும்பாலும் துப்பாக்கி இல்லாமல்தான் திரிவார்கள். பெரிய நிலையங்களில் மட்டும் ஆயுதத்தோடு சிலர் நிற்பார்கள். இவர் இடுப்பில் இருந்த கைத்துப்பாக்கியின் குழலுக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு விளக்கு பூட்டியிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டு, எல்லாம் சரிதானே சார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் "நல்ல விளக்கு" என்று உளறிவிட்டு நடையைக் கட்டினேன். எனக்கிருக்கும் தொந்தியைப் பார்த்து, இவனால் ஆபத்தில்லை என்று விட்டிருப்பார்.

ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் அந்த விளக்கு என்னை விடவில்லை. அப்படி ஒரு விளக்கால் ஒரு நாடகம் நின்றுபோனதையும், கூடப்பிறந்தவர்கள் போல இருந்த இரண்டு பேர் பேசாமல் போனதையும் கிட்ட நின்று பார்த்தவன் நான். கிட்ட என்ன கிட்ட, அந்தத் துப்பாக்கியைக் கையில் பிடித்திருந்தவனே நான்தான்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்தவன், படிப்பு முடிந்ததும் இங்கேயே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் இருந்தேன். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் கொல்லும். விம்பிள்டன் கோயிலுக்குப் போவேன். பக்தி என்று சொன்னால் அது பொய், சாப்பாட்டு வரிசைக்காகத்தான். அந்த வரிசையில்தான் சிவராசா அண்ணை எனக்கு முன்னால் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வாரம் முழுக்கப் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட், ஞாயிறு மட்டும் நாடக ஆசிரியர். என் கையில் இருந்த தட்டைப் பார்க்காமல் என் உயரத்தைப் பார்த்தார். "தம்பி, நடிப்பீரோ?" என்று கேட்டார். "ட்ரை பண்ணலாம்லா" என்றேன். வரிசையே சிரித்தது.

அந்த "லா"தான் என் தலையெழுத்தைத் தீர்மானித்தது. மலேசியத் தமிழை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து நாடகத்தில் எந்தப் பாத்திரத்தைக் கொடுப்பது? கடைசியில் எனக்கு இராணுவ அதிகாரி வேடம் கிடைத்தது. அதிகாரி அதிகம் பேசமாட்டான். நிற்பான், மறிப்பான், பார்ப்பான், "போ" என்பான். அந்தப் "போ"வையும் எனக்குப் பல ஞாயிறுகள் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒத்திகை ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில். மரத்தரைக்குப் போடும் பாலிஷ் மணமும் சிவராசா அண்ணையின் மனைவி கொண்டுவரும் மட்டன் ரோல்ஸ் மணமும் சேர்ந்து அங்கே ஒரு காற்று அடிக்கும். இன்றைக்கும் எங்காவது புதிதாக மெழுகிய தரையில் கால் வைத்தால் எனக்குப் பசிக்கிறது. வெளியே இலையுதிர் காலத்து மழை. உள்ளே திரைச்சீலைகளை இழுத்துவிட்டால் யாழ்ப்பாணத்து இருட்டு. ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. எல்லாருக்கும் ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது. நம்பிக்கை இல்லாமல் சிவராசா அண்ணை அப்படி ஒரு கதையை எழுதியிருக்க மாட்டார்.

கதை சிவராசா அண்ணையின் சொந்தக் கதை. ஊரடங்கு நேரத்தில் ஒருவன் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறான். ஓர் அதிகாரி மறிக்கிறான். முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறான். பார்த்துவிட்டுப் போகவிடுகிறான். நாடகம் முழுக்க அந்தப் பார்வைதான். மறிக்கப்படுகிறவனாக நடித்தவர் யோகன் அண்ணை. இவரும் சிவராசா அண்ணையும் லண்டனுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை என்பதால் குளிருக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கோட் போதுமாக இருந்ததாம். ஒருவர் கழற்றிக் கொடுக்கும் சூட்டோடு மற்றவர் போட்டுக்கொண்டு போவார். "உவன்ரை வேர்வையிலைதான் நான் குளிர் தாங்கினனான்" என்று சிவராசா அண்ணை சொல்லிச் சிரிப்பார்.

துப்பாக்கி வாங்கும் பொறுப்பு யோகன் அண்ணையுடையது. நீளத் துவக்கை டிராமில் கொண்டுவர ஏலாது என்பதால் அதிகாரிக்குப் பிஸ்டல் என்று முடிவாகியிருந்தது. குரொய்டனில் ஒரு கடையில் பிளாஸ்டிக் குண்டு போடும் விளையாட்டுப் பிஸ்டல் ஒன்றை வாங்கினார். அச்சு அசல் நிஜம் போல இருக்கும். அதற்கான கடுமையான சட்டங்கள் அப்போது இன்னும் வரவில்லை. ஆனாலும் பயம் பயம்தானே? மனுஷர் அதை ஒரு ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வைத்து மடியில் கட்டிப்பிடித்தபடி டிராமில் வந்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, இந்தக் குக்கரில் சோறு குழையாமல் வருமா என்று கேட்டிருக்கிறாள். இவரும் விம்பிள்டன் வரைக்கும் தண்ணீர் அளவை விளக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதை அவர் நடித்துக் காட்டியபோது எங்களுக்கு வயிறு வலித்தது.

அந்தப் பிஸ்டலின் குழலுக்குக் கீழே நீளமாக ஒரு பள்ளமும் விளிம்பும் இருந்தன. அதை ரெயில் என்று சொல்வார்களாம். ஒரு குட்டி விளக்கை அதில் தள்ளிச் செருகினால் பிடித்துக்கொள்ளும். யோகன் அண்ணை விளக்கையும் சேர்த்து வாங்கியிருந்தார். மண்டபத்தை இருட்டாக்கி, நான் பிஸ்டலை நீட்டி, விரலால் விளக்கை அமுக்கினேன். வெளிச்சம் நேரே அவர் முகத்தில் போய் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் புல்லரித்தது. அதுவரை இடது கையில் டார்ச்சும் வலது கையில் பிஸ்டலுமாக நான் தடுமாறுவேன். இப்போது ஒரு கை சும்மா இருந்தது.

சிவராசா அண்ணை மட்டும் கைதட்டவில்லை. "உது வேண்டாம். கழட்டு" என்றார்.

அந்தக் காலத்தில் ஆமிக்காரனிடம் இப்படிப்பட்ட சாமான் இல்லை என்றார். சபையில் அது யாருக்குத் தெரியப்போகிறது என்றார் யோகன் அண்ணை. அங்கே தொடங்கியது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஒத்திகை குறைந்து விவாதம் கூடியது. செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒருவர், விளக்கு கையில் தனியாகத்தான் இருக்க வேண்டும், வெளிச்சத்தைப் பார்த்துத்தானே எதிரி சுடுவான் என்றார். கம்ப்யூட்டர் கேம் விளையாடும் இன்னொருவர், அதெல்லாம் பழைய கதை, ரெயில் இல்லாத பிஸ்டல் இனி விலைபோகாது என்றார். இந்த நாட்டில் நிஜக் கைத்துப்பாக்கியை எங்களில் ஒருவரும் தொடக்கூட முடியாது. அதில் விளக்கு பூட்ட இடம் வேண்டுமா வேண்டாமா என்று ரோல்ஸ் ஆறிப்போகும் வரை சண்டை போட்டோம். நான் அதை ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு அது வெறும் வேடிக்கைதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சிவராசா அண்ணை விளக்குகளை அணைக்கச் சொன்னார். யோகன் அண்ணை சைக்கிளோடு நின்றார். நான் விளக்குப் பூட்டிய பிஸ்டலோடு நின்றேன்.

"தம்பி, அவன்ரை முகத்தைப் பாரும்."

பிஸ்டலை முகத்துக்கு நீட்டினேன்.

"இப்ப கையைப் பாரும். இனி கரியரிலை என்ன கிடக்குதெண்டு பாரும்."

பிஸ்டல் கைக்குப் போனது, கரியருக்குப் போனது.

"பாத்தியோ யோகன்? எதைப் பாக்கிறதெண்டாலும் அதுக்கு நேரை பிஸ்டலை நீட்ட வேண்டிக் கிடக்கு. அண்டைக்கு என்னை மறிச்சவன் ரோச் லைற்றை இடக்கையிலை வைச்சிருந்தவன். பிஸ்டல் மற்றக் கையிலை, நிலத்தைப் பாத்துக்கொண்டு கிடந்தது. வடிவா என்ரை முகத்தைப் பாத்தான். பிறகு போ எண்டான். ரெண்டும் ஒண்டா இருந்திருந்தா, என்னைப் பாக்கிறதுக்கே அவன் எனக்குக் குறி வைச்சிருக்க வேணும். நான் பயத்திலை கொஞ்சம் அசைஞ்சாலும் கதை முடிஞ்சிது. நான் இண்டைக்கு இஞ்சை நிக்கிறது அவன்ரை ரெண்டு கையாலைதான்."

அவர் ஏன் இவ்வளவு நாள் பிடிவாதம் பிடித்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. யோகன் அண்ணை சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"உங்களை மறிச்சவனுக்கு ரோச் பிடிக்க ஒரு கை மிச்சம் கிடந்தது அண்ணை. என்ரை தம்பியைச் சுட்டவனுக்குக் கிடக்கேல்லை."

அவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

"மழை. ஒரு கையாலை தலைக்கு மேலை பொலித்தீனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவனாம். மற்றக் கையிலை பிஸ்டல். சைக்கிள் சத்தம் கேட்டிருக்கு. சத்தத்துக்குச் சுட்டிருக்கிறான். இந்த லைற் அவன்ரை பிஸ்டலிலை பூட்டிக் கிடந்திருந்தா, சின்னப் பொடியன் எண்டு கண்டிருப்பான். விட்டிருப்பான். என்ன அண்ணை? விட்டிருப்பான்தானே?"

சிவராசா அண்ணை என் கையிலிருந்த விளக்கைப் பார்த்தார். பொய் சொல்ல வராது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. அந்தப் பெருமை நாசமாய்ப் போக.

"கண்டாலும் சுட்டிருப்பான் யோகன்" என்றார்.

அத்தனை வருடமும் யோகன் அண்ணை தன் தம்பியை இருட்டு கொன்றதாகத்தான் வைத்திருந்தார். இருட்டோடு யாரும் கோபப்பட முடியாது. அதனால் ஷிப்டுக்குப் போகவும், டிராமில் குக்கர் கதை சொல்லவும், தூங்கவும் அவரால் முடிந்தது. சிவராசா அண்ணை ஒரு வரியில் இருட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டார். அதுவும் தன்னைப் பார்த்து இரக்கப்பட்ட ஒருவனைப் பற்றி நாடகமே எழுதியவர். யோகன் அண்ணை சத்தம் போடவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அதோடு சரி. வேறு ஆளைப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். சிவராசா அண்ணை கேட்கவில்லை. பிஸ்டல் என்னிடமே தங்கிவிட்டது. வைத்திருக்கப் பயம், திருப்பிக் கொடுக்கத் தயக்கம். உடைத்து, துண்டு துண்டாகக் குப்பையில் போட்டேன். யோகன் அண்ணை குடும்பத்தோடு லண்டனின் மறுகோடிக்கு, குட்மேய்ஸுக்கு வீடு மாறினார். ஊரில் சமாதானமும் முறிந்தது. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரக்கமுள்ள அதிகாரியைப் பற்றி நாடகம் போட அதற்குப் பிறகு யாருக்கு மனம் வரும்?

சில வருடம் கழித்துக் கோயில் வாசலில் சப்பாத்துப் போடும்போது சிவராசா அண்ணை தானாகவே யோகன் அண்ணையின் பேச்சை எடுத்தார்.

"தம்பி, அவன் என்னட்டை விளக்கமோ கேட்டவன்? ஓம் எண்டு ஒரு சொல்லுத்தானே கேட்டவன்."

"இப்பவாவது போய்ச் சொல்லுங்கண்ணே. நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"இப்ப போய்ச் சொன்னா, பொய் எண்டு தெரிஞ்சுபோம்."

குட்மேய்ஸுக்கு நாங்கள் போகவில்லை. அந்த மண்டபத்தை இடித்து இப்போது அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். ஒத்திகைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கனடாவில். என் "லா"வும் எங்கேயோ போய்விட்டது. ஈப்போவுக்குப் போனால் என்னை யாழ்ப்பாணத்துக்காரன் என்கிறார்கள்.

சிவராசா அண்ணை மாரடைப்பில் போனபோது யோகன் அண்ணை வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார், அழவில்லை. எல்லாம் முடிந்து சுடலை மண்டபத்துக்கு வெளியே ஆட்கள் காருக்குப் போய்க்கொண்டிருந்தபோது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீர்தானே அண்டைக்குப் பிஸ்டல் பிடிச்சனீர். லைற் அடிக்கேக்கை என்ரை முகம் வடிவாத் தெரிஞ்சதோ?"

உண்மையைச் சொன்னால், விளக்குப் பட்டதும் அவர் கண்கூசி முகத்தைச் சுளித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது வெள்ளையாக ஒரு வட்டம். அது யாராகவும் இருந்திருக்கலாம்.

"நல்லாத் தெரிஞ்சதுண்ணே" என்றேன்.

"சின்னப் பொடியன் எண்டாலும் தெரிஞ்சிருக்கும், என்ன?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் தோளைத் தொட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த "ஓம்" என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியதல்ல. அதைச் சொல்ல வேண்டிய வாய் சற்று முன்புதான் உள்ளே எரிந்து முடிந்திருந்தது.