155ஆம் இலக்க பஸ்ஸும் பெனடிக்ற் அண்ணனின் கீபோர்டும்

வெள்ளவத்தையில் தங்கினால் கொட்டாஞ்சேனைக்குப் போவது லேசா என்று போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். லேசுதான். 155ஆம் இலக்க பஸ், ஏறக்குறையப் பதினொரு கிலோமீற்றர், நெரிசல் இருந்தால் ஒரு மணித்தியாலம். எனக்கு மட்டும் ஒருமுறை அந்தத் தூரத்துக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்தக் கதையையே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, சண்டைக்காலம். பெனடிக்ற் அண்ணனை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. எழுபதுகளிலிருந்தே தமிழில் றொக் பாடிய கொட்டாஞ்சேனைக்காரர். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுக் கேட்டால், தன் பாட்டு மூன்றைப் பாடி முடித்த பிறகுதான் அதைத் தொடுவார். அவருடைய பான்டில் நான் நாலு வருடம் பேஸ் கிற்றார் வாசித்தேன். சனிக்கிழமை தவறாமல் 155இல் ஒத்திகைக்குப் போவேன். ஒருநாள் வழியில் ஆமிக்காரர் கிற்றார்ப் பெட்டியோடு என்னை இறக்கி, பின்னேரம் வரை விசாரித்தார்கள். வீட்டில் அம்மா ஒரே அழுகை. பெனடிக்ற் அண்ணனுக்குப் போன் எடுத்து, "அடுத்த கிழமை வாறன்" என்றேன். அதற்குப் பிறகு நான் போகவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து காலி வீதியில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய புதுக் கசெற்றைக் கண்டேன். தொண்ணூறு ரூபாய். ஓடிப்போய் வீட்டில் போட்டுக் கேட்டால், கடவுளே! எட்டுப் பாட்டிலும் சிந்தசைசர். டிரம்ஸ் தகர டப்பாவில் தட்டுவது போல. துறைமுகத்துக் கிரேன்களைப் பற்றிய பாட்டு எப்போதும் என் பேஸில்தான் தொடங்கும். அந்த இடத்தில் பழைய பிரிட்ஜ் உறுமுவது போல ஏதோ ஒன்று கேட்டது. கிற்றார் எங்கேயோ தூரத்தில் முனகிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நேரில் போய் நாலு கேள்வி கேட்டு, கசெற்றை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை காலை 9.10க்கு பஸ். டிக்கெற் ஆறு ரூபாய். சட்டைப் பையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கசெற். மூன்று செக்பொயின்றில் இரண்டில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஒரு இளம் சிப்பாய் கசெற்றை வாங்கி, கறுப்புக் கண்ணாடி போட்ட பெனடிக்ற் அண்ணனின் படத்தைப் பார்த்தான்.

"சிந்துத? ஹொந்தத?" பாட்டா, நல்லாயிருக்குமா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

"நெஹெ மாத்தயா," என்றேன். இல்லை என்று மனதாரச் சொன்னேன். சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். அந்த ஆல்பத்துக்கு நான் சொன்ன முதல் விமர்சனம் அதுதான்.

கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது 11.25. தேவாலயப் பக்கமாக ஐந்து நிமிட நடை. கதவைத் திறந்தவர் மெலிந்து போயிருந்தார். நான் கசெற்றை மேசையில் வைத்தேன்.

"என்ன அண்ணே இது? எங்கட பாட்டை இப்பிடிக் கொலை செய்து வச்சிருக்கிறீங்க?"

"சரியான மோசம் என்ன?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "எனக்கும் தெரியும். வா, ஆக்களைக் காட்டுறன்."

உள்ளறையில் ஒரு கீபோர்ட். அதன் பட்டன்களுக்கு மேலே, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, பேனையால் எழுதியிருந்தார். டிரம்ஸ்: ராஜன், ரொறொன்ரோ. ட்ரம்பெற்: அன்ரன், பாரிஸ். எல்லோரும் என்னோடு வாசித்தவர்கள். மூன்றாவது துண்டைக் குனிந்து பார்த்தேன். பேஸ்: மோகன், வெள்ளவத்தை.

என் பெயர்.

"அவங்களுக்கு விசா கிடைச்சுது, போயிட்டாங்க," என்றார். "உனக்கு பஸ் கிடைக்கேல்லையோடா?"

நான் பயந்துபோனேன் அண்ணே என்று சொன்னேன். இரண்டு வருடமாக அம்மாவைச் சாட்டிக்கொண்டிருந்தவன், முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். "பயமில்லாதவன் ஆர் இந்த ஊரில?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பிளாஸ்டரை உரித்து என் சட்டையில் ஒட்டினார். கட்டிலுக்கடியில் பான்டின் பழைய பேஸ் ஒன்று இருந்தது. அன்று பின்னேரம் வரை கிரேன் பாட்டை அவரும் நானும் ராஜனின் பட்டனும் சேர்ந்து வாசித்தோம். பட்டன் ஒரு தடவைகூடத் தாளம் தப்பவில்லை. தாளம் தப்பிவிட்டு, எங்களைப் பார்த்து ராஜன் கண்ணடிப்பானே, அது இல்லாமல் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. பிறகு எனக்கும் லண்டன் சரிவந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்கு முன்னர் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். இப்போது செக்பொயின்ற் இல்லை. வழியில் இறங்கிக் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ பிடிப்பது வீண் செலவு. அந்தக் கசெற் எங்காவது கண்ணில் பட்டால் வாங்க வேண்டாம். இன்றைக்குக் கேட்டாலும் மோசம்தான். என்னுடையது என் மேசை லாச்சியில் இருக்கிறது, யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

பயணம் சொல்லப் போன அன்று, என் கண் முன்னாலேயே பெனடிக்ற் அண்ணன் ஒரு புதுப் பிளாஸ்டரை வெட்டினார். பேஸ்: மோகன், லண்டன் என்று ஆறுதலாக எழுதி, அந்தப் பட்டனுக்கு மேலே ஒட்டி, பெருவிரலால் நன்றாக அழுத்திவிட்டார்.

"அங்கயிருந்து 155 ஓடாதுதானே," என்றார். "இந்த முறை உன்னில பிழையில்லை."