கிரேனிலிருந்து இறங்காத இக்னேஷியஸ்

ராயபுரம் இக்னேஷியஸ் இருபது வருஷமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு, காலடியில் கடல். நாளெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஷிப்டை முடிக்கிறவர். காரணம் எளிது: மேலே கழிப்பறை இல்லை. இறங்கி ஏறக் கால் மணி நேரமாகும், கப்பல் காத்திருக்கும். மற்ற ஓட்டுநர்கள் ஒரு முறையாவது இறங்குவார்கள். இவர் எட்டு மணி நேரமும் இறங்கியதில்லை. அதை வாங்காத விருதுபோலச் சொல்லிக்கொள்வார்.

போன மே மாதம் வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் குத்தியது. சீட்டின் குற்றம் என்று முடிவுகட்டி, ஒரு தலையணை கொண்டுபோனார். வலி தலையணையை மதிக்கவில்லை. விட்டு விட்டு வந்தது. அவர் இறங்காவிட்டாலும் அது முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கியது.

மனைவி ஃப்ளோராதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"இன்னாய்யா, ஒண்ணுக்கு டீ டிகாஷன் மாரி போற? அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வேற ஓடற."

"வெயில் சூடு ஃப்ளோரா."

"சூடுன்னா மஞ்சளா போவும், செவப்பாவா போவும்? முதுகுவலின்னா படுத்தா அடங்கும். நீ படுத்தாலும் பொரள்ற, குந்தினாலும் நெளியற. எங்கண்ணனுக்குக் கல்லு வந்தப்ப இப்டிதான்."

"உங்கண்ணனுக்குக் கல்லு மண்டையிலதானே கீது!"

டாக்டரிடம் போகாததற்கு வேறு காரணம் உண்டு. நோய் என்று தெரிந்தால் தகுதிச் சான்று போய்விடும், கிரேனிலிருந்து தரைக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம்.

ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. கொக்கியில் கன்டெய்னர். கீழே வாக்கிடாக்கியோடு சைகை காட்டும் முதஸ்ஸிர். திடீரென்று வலி முறுக்கியது. வியர்த்துக் கொட்டி, குமட்டி, கை நெம்புகோலில் நழுவியது. பெட்டி ஆடியது.

"மாமு, இன்னா ஊஞ்சல் ஆட்டினுகீற?"

"முதஸ்ஸிரு, தள்ளிப் போ. பெட்டிய வெச்சிட்டு எறங்கிடறேன்."

"மணி பதினொண்ணுதான் மாமு! நீயா எறங்கற?"

"பேஜாரு பண்ணாத, தள்ளிப் போடா!"

முதஸ்ஸிர் விலகினார். பெட்டி அங்குலம் அங்குலமாகத் தரை தொட்டது. வலி சற்று ஓய்ந்ததும் இக்னேஷியஸும் அப்படியே இறங்கினார்.

ஸ்கேனில் ஏழு மில்லிமீட்டர் கல். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் சிக்கியிருந்தது.

"காய்ச்சலும் குளிரும் சேர்ந்திருந்தா ஆபத்து. அப்போ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது," என்றார் டாக்டர். "தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

கேள்வி இக்னேஷியஸுக்கு. பதில் சொன்னது ஃப்ளோரா: "சர்ச்சுல தீர்த்தம் தொட்டுக்குவாரு, அவ்ளோதான்."

கல்லை எடுத்தார்கள். மூன்று வாரத்தில் தகுதிச் சான்று திரும்பி வந்தது. ஒளித்துக் காப்பாற்ற நினைத்த வேலை, சொன்ன பிறகே உறுதியானது. இப்போது இரண்டு லிட்டர் பாட்டிலோடு ஏறுகிறார். ஷிப்டுக்கு இரண்டு முறை இறங்குகிறார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அவர் ஏணியில் இறங்கியபோது, முதஸ்ஸிர் கீழே நின்று, கன்டெய்னருக்குக் காட்டும் அதே சைகையைக் காட்டினார்.

"மெதுவா... மெதுவா... இன்னும் கொஞ்சம்... ஆங், வெச்சிரு மாமு!"