பையோடு ஒரு படம்

நரீன் ஊரில் விருந்துகளுக்குப் படம் எடுக்க அய்கானிஷைக் கூப்பிடுபவர்கள் எல்லாருக்கும் ஒரே குறைதான்: எங்கள் ஆட்கள் படத்தில் சிரிப்பதே இல்லை. எப்படிச் சிரிப்பார்கள்? கேமராவைக் கண்டதும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல விறைத்துப்போகும் கூட்டம் நம்முடையது. அய்கானிஷ் அதற்கொரு வழி வைத்திருந்தாள். ஏப்ரன் கட்டிக்கொண்டு தேநீர்க் கெண்டியோடு மேசை மேசையாகப் போவாள். தேநீர் ஊற்றுபவளை எந்த விருந்தாளி நிமிர்ந்து பார்த்திருக்கிறார்? மறு கையில், ஏப்ரன் மறைவில், சின்னக் கேமரா.

தெமிர்பெக் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவளை அழைத்தபோது ஒரே ஒரு படம் போதும் என்றார். அவருடைய அக்காமார் சாய்கலும் பூபூசாராவும் சேர்ந்திருக்கும் படம். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில், மூத்தவள் என்ற மரியாதைக்காகச் சாய்கலுக்குச் சேரவேண்டிய ஆட்டு இடுப்பெலும்புத் துண்டு தவறிப்போய் இளையவள் தட்டில் விழுந்தது. அவள் அதைத் திருப்பித் தராமல் தின்றும்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. என் காலத்துக்குள் இவர்கள் சேரமாட்டார்களா என்று கேட்டார்.

விருந்தில் இருநூறு பேர். அக்காமார் மேசையின் இரு கோடியிலும் உட்கார்ந்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அய்கானிஷ் ஒன்பது கெண்டி தேநீர் ஊற்றியும் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் எல்லாரும் பிளாஸ்டிக் பையை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோக மிச்ச இறைச்சியும் பூர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளும் அள்ளத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் நம்மவர்களுக்கு உலகமே மறந்துபோகும். சாய்கல் எழுந்து வாசலுக்குப் போகிறவள்போலப் போனாள். தங்கை நாற்காலியைத் தாண்டும்போது, கூரையைப் பார்த்தபடியே, தன் பங்குக்கு வந்த இடுப்பெலும்புத் துண்டை அவள் பைக்குள் போட்டாள். பூபூசாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அய்கானிஷ் கேமராவை அழுத்திவிட்டாள்.

தெமிர்பெக் சந்தோஷம் தாங்காமல் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். மறுநாள் சாய்கல் அய்கானிஷ் வீட்டுக்கே சண்டைக்கு வந்தாள். கால் மணி நேரத்தில் பூபூசாராவும் வந்து நின்றாள்.

"பையும் கையுமா என்னை ஊருக்கே காட்டிட்டியே, உனக்கே நல்லாருக்கா?" என்றாள் சாய்கல். அங்கே பை கட்டாதவர் யார் என்று அய்கானிஷ் கேட்டாள். எல்லாரும் கட்டுவார்கள்தான், அதைப் படமா எடுப்பார்கள் என்றாள் பூபூசாரா.

"சரிக்கா, நடுவுல வெட்டி ஆளுக்குப் பாதி தர்றேன். பை தெரியாது."

பூபூசாரா மெல்லச் சொன்னாள். "வெட்டாத. பையை மட்டும் மறைச்சிரு."

"பையை மறைச்சா என் கை எங்க போகுதுன்னு யாருக்குடி தெரியும்?" என்று சாய்கல் நேரே தங்கையிடம் பாய்ந்தாள்.

"நான் தின்னேன்ல, எனக்குத் தெரியும்."

"அன்னைக்குத் தின்னதையும் சேர்த்துச் சொல்லு."

அய்கானிஷ் சமையலறைக்குள் நழுவி தெமிர்பெக்கைப் போனில் பிடித்தாள். பின்னால் கேட்ட சத்தத்தில் அவர் பதறிப்போனார்.

"அங்க யாரு, அக்காங்களா? பேசிக்கிறாங்களா?"

"சண்டை போடுறாங்கண்ணே."

"போடட்டும்மா, போடட்டும். நீ போனை மட்டும் வச்சிராத."