நாளைக்கு வாரும்

காசை வாங்கியதும் அசன் மைதீன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை. முதலில் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுற்றித் தடவுவார். அப்புறம்தான் ஜன்னல் பக்கம் சாய்த்து, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொள்வார். அப்போதும் எழுத்தைப் பார்க்கமாட்டார். எழுத்தைச் சுற்றியிருக்கும் இடத்தைப் பார்ப்பார்.

திருநெல்வேலி டவுணில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து முப்பத்தைந்து வருடம் எவர்சில்வரில் பெயர் வெட்டியவர். அடிபட்ட உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பது அத்துப்படி. "கீறினா ஓரத்துல பிசிறு எந்திரிக்கும் வே. மிசின் செஞ்ச தப்புல பிசிறு இருக்காது. எழுத்து மட்டும் இல்லாம, சுத்தி எல்லாம் புதுசாட்டம் இருந்தா மிசின் விட்டது. சுத்தியும் மழுங்கியிருந்தா கைபட்டுத் தேஞ்சது. இதுக்கு எதுக்குவே இம்புட்டு வீடியோ?"

அந்த வீடியோக்களால்தான் அவர் வீட்டுக்கு ஆள் வருகிறது. அச்சுப்பிழை உள்ள காசு லட்சத்துக்குப் போகும் என்று போனில் யாரோ சொல்ல, மேலப்பாளையத்தில் விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர் கூலி வாங்குவதில்லை. தேயிலை போட்டுத் தருவார், ஊர்க்கதை கேட்பார். பதிலை மட்டும் அன்றைக்குச் சொல்லமாட்டார். காசைத் துண்டுத்தாளில் மடித்து, பெயரும் மறுநாள் கிழமையும் எழுதி மேசை டிராயரில் போட்டுவிட்டு, "நாளைக்கு வாரும். பைய பாத்துத்தான் சொல்லணும்" என்பார்.

நானும் ஒன்று கொடுத்திருந்தேன், சிங்கத்துக்கு மூக்கில்லாத ஐந்து ரூபாய். மூன்று வாரமாக நாளைக்கு, நாளைக்கு. ஏதோ பெரிய ஆராய்ச்சி நடக்கிறது என்று நம்பினேன். என் புத்தி அவ்வளவுதான்.

போன மாதம் வள்ளியூரிலிருந்து சாலோமி என்ற பெண் வந்தாள். தையல் கம்பெனியில் வேலை. ஓர் எழுத்து இல்லாத இரண்டு ரூபாயை விற்றுச் சொந்தமாக ஒரு மிஷின் வாங்கும் எண்ணம். அவளுக்கும் நாளைக்குத்தான். மறுநாள் அவள் வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"யாரோ ஆணியால சுரண்டியிருக்கான்மா. பிசிறு நிக்குது, தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தாள். "இது நேத்தே தெரியலையா பாய்? ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்தேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தேயிலை குடிச்சிட்டுப் போங்கம்மா."

"பஸ்ஸு போயிரும் பாய்."

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தார். "நேத்தே தெரிஞ்சிட்டு வே. எல்லாமே பாத்த உடனே தெரிஞ்சிரும். சொன்னா எந்திரிச்சுப் போயிருவாவ."

மனைவி மும்தாஜ் பேகம் இறந்து நான்கு வருடம். மகள் ஷம்ஸியா ஷார்ஜாவிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பேசுவாள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

டிராயரைத் திறந்து என் பொட்டலத்தை எடுத்தார். "இந்தாரும் உம்ம சிங்கம். தரையில உரசினது, வேற ஒண்ணுமில்ல."

அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் நின்ற நிலையிலேயே பதில் சொல்லிவிடுகிறார். ஐந்து நிமிடத்தில் வீடு காலி. போட்ட தேயிலை சட்டியிலேயே ஆறிக் கிடக்கிறது.

நேற்று போனேன். பஸ்ஸில் மிச்சம் கிடைத்த பத்து ரூபாய்க் காசை நீட்டினேன். புத்தம்புதுசு.

"இதுல ஏதும் தப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க பாய். அவசரம் ஒண்ணுமில்ல."

நகத்தால் ஓரத்தைத் தடவினார். என் முகத்தைப் பார்த்தார். லென்ஸை எடுக்கவில்லை. துண்டுத்தாளைக் கிழித்துக் காசை மடித்து, என் பெயரை எழுதி, அதன் கீழே வியாழன் என்று எழுதினார்.