கீரிமலைக்குப் போன கொட்டப்பெட்டி

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். சரித்திரத்தில் சிறப்புப் பட்டம். சான்றிதழ் வந்த அன்று அளவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீட்டார் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர் சின்னாச்சி மாமி ஒருவர்தான்.

"முத்திரை சரியாத்தான் கிடக்கு," என்று திருப்பித் தந்தார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

மாமி என் ஐயாவின் தமக்கை. முப்பத்திரண்டு வயதில் கணவனை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நாலு பரப்புக் காணியில் வெங்காயத் தறை போட்டு, தனி ஆளாகத் தோட்டம் செய்துவந்தார். சுன்னாகம் சந்தையில் அவருடைய வெங்காயத்தை நிறுக்குமுன் தராசுத் தட்டைத் துடைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மாமியே துடைப்பார். ஐயர் தரும் திருநீற்றையும் மணந்து பார்த்துத்தான் பூசுவார் என்பது அம்மாவின் பகிடி.

தொண்ணூறாம் ஆண்டு வைகாசி. இந்திய ஆமி போய் இரண்டு மாதம். வீதியில் மறிப்பார் இல்லை. சனங்கள் கோயில், கேணி என்று திரியத் தொடங்கியிருந்தார்கள். நானும் திட்டம் போட்டேன். வெள்ளி பின்னேரம் கீரிமலைக்குப் போய், இரண்டு இரவு தங்கி, ஞாயிறு விடியத் திரும்புவது. கேணி, கோயில், பழைய மடங்கள் எல்லாவற்றையும் வீட்டாருக்கு நானே விளங்கப்படுத்துவது.

மாமி மறுத்தார். காரணம் கிணறு.

அது பங்குக் கிணறு. ஒரு பங்கு மாமிக்கு, மற்றது அடுத்த தறைக்காரர் பஞ்சலிங்கத்துக்கு. இறைக்கிற மிஷினும் இருவருக்கும் பொது. வைகாசி வெக்கையில் தண்ணீர் அடியில்தான் கிடக்கும். ஆகவே அந்த வெள்ளி பஞ்சலிங்கத்தின் முறை. சனி கிணற்றை ஊற விடும் நாள். ஞாயிறு மாமியின் முறை. சனிக்கிழமை யாராவது இறைத்தால் ஞாயிறு மாமியின் தறைக்குத் தண்ணீர் எட்டாது. வெங்காயக் கிழங்கு பருக்கிற நேரத்தில் ஒரு முறை தவறினால் அந்தப் போகமே போய்விடும்.

"போட்டு வாங்கோ அக்கா. நான் இருக்கிறன்தானே," என்றார் பஞ்சலிங்கம்.

"நீ இருக்கிறதுதான் எனக்கு யோசினை," என்றார் மாமி.

ஐயா கெஞ்சி ஒருவாறு சம்மதிக்க வைத்தார். புறப்படும் நேரத்தில், "தறையை ஒருக்காப் பாத்திட்டு வாறன்," என்று போன மாமி, பனையோலைக் கொட்டப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறினார். கொட்டப்பெட்டி வெற்றிலை வைக்கிற சின்னப் பெட்டி. விரல்களில் ஏனோ கறுப்பு எண்ணெய் பிரண்டிருந்தது.

மடங்களில் ஓடுகள் உடைந்து கிடந்ததால் இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவே படங்குத் துணி கட்டித் தங்கினோம். நான் போட்ட முடிச்சுகளை மாமி அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

சனி காலையில் கேணியடியில் என் விளக்கம் தொடங்கியது. "நகுல முனிவர் கீரி முகத்தோடை வந்து, இந்த ஊற்றிலை முழுகி முகம் மாறினவர் எண்டு ஐதீகம்."

"நீ கண்டனியே?"

"ஐதீகம் மாமி."

"உதுக்கோ உனக்குப் பட்டம் தந்தவங்கள்?"

ஐயா சிரித்தார். நான் விடவில்லை. கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறுவது எப்படி, மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் எப்படி ஓடி வருகிறது என்று சொன்னேன். மாமியின் முகம் மாறியது.

"அப்ப எங்கடை கிணத்துத் தண்ணியும் களவா இஞ்சைதான் வருகுதோ?"

நாலு வருடப் படிப்பில் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அதற்குப் பிறகு மாமி கேணியையும் ஒரு சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்.

பெண்கள் கேணியிலிருந்து திரும்பிய அம்மா என் காதோடு சொன்னார்: "மச்சாள் கொட்டப்பெட்டியைத் தலையிலை வைச்சுக்கொண்டு கழுத்தளவு தண்ணியிலை நிண்டவ. சங்கிலி கிங்கிலி வைச்சிருக்கிறாவோ?"

மத்தியானம் சோறு போடும் நேரம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பஞ்சலிங்கம். சேர்ட் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"அக்கா! பொது மிஷின்ரை பிளக்கைக் கழட்டிக்கொண்டு போறது என்ன நியாயம்?"

பிளக் இல்லாமல் மிஷினில் பொறி பறக்காது, இயங்காது. எல்லார் கண்களும் கொட்டப்பெட்டிக்குப் போயின. மாமி வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்கினார்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி."

"ஊற விட்ட நாளிலை மிஷினைத் தொடாத உனக்கு, பிளக் இல்லையெண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

ஐயாவின் கை இலையிலேயே நின்றது. பஞ்சலிங்கம் மெல்ல மணலில் குந்தினார்.

"மிளகாய்க் கண்டு அக்கா. புதுசா நட்டது. நேற்றுக் காலமை பாதியிலை மண்ணெண்ணெய் முடிஞ்சு போச்சு, இண்டைக்குத்தான் திரும்பக் கிடைச்சது. கடைசி நாலு பாத்திக்கும் தண்ணி போகேல்லை. அரை மணித்தியாலம் இறைப்பமெண்டு..."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டாத் தந்திருப்பியளோ?"

மாமி சற்று யோசித்தார். "மாட்டன்," என்றார்.

பிறகு ஓர் இலையை விரித்துச் சோறு போட்டார். "சாப்பிடு. கேணியிலை முழுகு. நாளைக்கு விடிய எங்களோடை வா. அதுவரைக்கும் என்ரை கண்ணுக்கு முன்னாலை இரு."

"வீட்டிலை தேடுவினம் அக்கா."

"தம்பி உன்ரை சைக்கிளிலை போய்ச் சொல்லிப்போட்டு வருவான். பட்டதாரி சொன்னா நம்புவினம்."

வெயிலில் நாலு மைல் உழக்கிப் போய்ச் சொன்னேன். வரும் வழியில் தோட்டத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். கடைசி நாலு பாத்தியிலும் மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. பொழுதுபட முன் திரும்பி வந்து, "உண்மையாய் வாடித்தான் கிடக்கு மாமி," என்றேன்.

"நீ கண்டனியே?"

"கண்டனான். தொட்டும் பாத்தனான்."



ஞாயிறு காலை கிணறு நன்றாக ஊறியிருந்தது. மாமி தன் கையால் பிளக்கைப் பூட்ட, பஞ்சலிங்கம் கயிறு இழுத்து மிஷினை இயக்கினார். வெங்காயத் தறையின் கடைசிப் பாத்தி நிறைந்ததும் மாமி மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி, மிச்சத் தண்ணீரை மிளகாய்ப் பக்கம் திருப்பிவிட்டார். நாலு பாத்தியும் நனையும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"பெரிய மனசக்கா உங்களுக்கு," என்றார் பஞ்சலிங்கம்.

"மனசும் மண்ணாங்கட்டியும். உன்ரை கண்டு செத்தா நீ அடுத்த சனியும் கிணத்தடிக்கு வருவாய்."

மிஷின் நின்றது. சூடு ஆறும்வரை காத்திருந்து, மாமி பிளக்கைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, கொட்டப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.